அளவு எடுக்காத சட்டை

அளவா? அதெல்லாம் வேணாம் தம்பி, உக்காருங்க. உங்க அண்ணன் அளவு எனக்குத் தெரியும். கடைசியாப் போட்டு அனுப்புற சட்டை, தொளதொளன்னு இருந்தா நல்லாருக்காது. ரெண்டு பக்கமும் பிடிச்சு ஒரு தையல் ஓட்டினா முடிஞ்சது. வண்டி வர்றதுக்குள்ள குடுத்துடறேன்.

டாக்டர்கிட்ட ஏன் போகலையா? போனாருங்க. அக்குள்ல சின்னதா ஒரு கட்டி, அப்பவே போனாரு. இன்னும் ஏன் கல்யாணம் ஆகலைன்னு டாக்டர் கேட்டிருக்காரு. டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு இவரும் உள்ளதைச் சொல்லிட்டாரு. அவ்ளோதான். தொட்டுப் பாத்துக்கிட்டிருந்தவரு கையை எடுத்துட்டாரு. கட்டியை விட்டுட்டு, முதல்ல எய்ட்ஸ் டெஸ்டை எடுத்துட்டு வாங்கன்னுட்டாரு. இவர் வெளிய வர்றதுக்குள்ள கம்பவுண்டர் வரைக்கும் விஷயம் போயிடுச்சு. பெஞ்சுல ஒட்டி உக்காந்திருந்தவங்க நகந்து உக்காந்தாங்களாம். நல்லா காத்தாட உக்காந்துட்டு வந்தேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. டெஸ்டுல ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்கப்புறம் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கல. மெடிக்கல் ஷாப்ல வாங்குற வலி மாத்திரைதான் வைத்தியம்.

உள்ளதுன்னா என்னவா? இருங்க, நூலைக் கோத்துக்கறேன்.

இளைச்சது உங்களுக்கும் தெரியல, ஆபீஸ்லயும் தெரியல. இளைச்சா அந்த வியாதிதான்னு பேசுவாங்கன்னு அவருக்குப் பயம். அதனால சட்டையை அப்பப்பப் பிடிச்சுக் குடுப்பேன். பக்கவாட்டுல இறுக்கி, இடது அக்குள்ல மட்டும் தளத்தி. பாக்க ஆளு கச்சிதமா இருந்தாரு. என் தையல் அப்படி.

கடைசியில நான் தூக்கிட்டுப் போனப்ப பெரிய ஆஸ்பத்திரில சொன்னாங்க, முன்னாடியே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாமாம். சரிங்கன்னு கேட்டுக்கிட்டேன். அழுகை வரல. இப்பவும் வரல. காலையில கடையைத் தொறந்து யாருக்கோ ஒரு பேன்ட் கூட வெட்டினேன்.

வீட்டுல யாருக்கும் காட்டாத கட்டி எனக்கு மட்டும் எப்படித் தெரியும்னா... மாடி ரூமை அவருக்கு வாடகைக்கு விட்டிருக்கேன்னுதானே உங்க வீட்டுல சொல்லியிருந்தோம். அந்த ரூம்ல துணிமூட்டைதான் கிடக்கு. அவர் கீழ, எங்கூடத்தான் இருந்தாரு. ரெண்டு ஆம்பளைங்க, ஒரே குடும்பமா, இத்தனை வருஷமும். கட்டி முதல்ல தட்டுப்பட்டதே என் கையிலதான்.

எந்திரிக்காதீங்க தம்பி. சட்டை ஆயிடுச்சு.

நானே வந்து போட்டு விடட்டுமா?

இல்ல, சும்மா கேட்டேன். புரியுது. நாலு பேர் இருப்பாங்க.

அப்ப ஒண்ணு மட்டும். காலர் பொத்தானைப் போட்டுடாதீங்க. மூச்சு முட்டுதும்பாரு.