வயிறு கீறாத களவா

தொடாத. கைய எடுமே. ஸ்கேலு, பை, கத்தி அல்லாத்தையும் தூக்கிக்கினு அப்டிக்கா தள்ளி நில்லு. இது ஏலத்துல நான் எடுத்த மீனு. உங்க ஆபீஸ் மீனு இல்ல.

இன்னா முறைக்கிற? இவ்ளோ நாளு வந்து என் கூடையில கைய வுட்டு களவா மீன ஒண்ணொண்ணா எடுத்துப் போட்டு அளந்தியே, நான் எதுனா சொன்னேனா? ஈ மொய்க்குது, யாவாரம் கெடுதுன்னு பக்கத்துல குந்தினு இருக்கறவ உன்ன வெரட்டி வுட்டா. இந்தக் காசிமேட்டுலயே செங்கொடி கூடையாண்டதான் உன்ன ஒக்கார வுட்டது. வயித்தக் கீறி இன்னா துன்னுச்சுன்னு பாப்ப. முட்டை கீதான்னு பாப்ப. மண்டைய ஒடச்சு காதுக்குள்ள கீற கல்ல எடுத்து டப்பியில போட்டுக்குவ. அந்தக் கல்லுல மரத்துல கீற மாதிரியே வளையம் இருக்கும், அத எண்ணுனா மீனோட வயசு தெரியும்னு நீதான் சொன்ன. சரி, படிக்கிற பொண்ணு, பொழச்சுப் போவட்டும்னு வுட்டேன். இது மட்டும் ஆவாது.

ஒரே ஒரு மீனா? அந்த ஒண்ணுதான் ஆவாதுன்றேன்.

தெரியும் மேடம். கடல்ல எத்தினி களவா மிச்சம் கீதுன்னு கணக்கு எடுக்கற. நீ அளந்தது அல்லாம் பொடிசு. அல்லாம் பொட்ட. களவா பொட்டையாத்தான் பொறக்கும், வளந்து பெருசானாத்தான் ஆம்பளையா மாறும், பெருச அல்லாத்தையும் புட்ச்சித் துன்னுட்டீங்க, இனிமே குஞ்சு எங்கேர்ந்து வரும்னு என்னாண்ட சண்டைக்கு வந்தியே, மறந்துட்டியா? நானா புட்ச்சேன்? கடல அடியோட வாரிக்கினு போனவன் வூட்டாண்ட போய்க் கேக்க உனுக்கு தெகிரியம் இல்ல. எண்ணூர் பக்கம் கலீஜு தண்ணி கொதிக்கக் கொதிக்க வந்து கடல்ல வுழுதே, அத ஸ்கேல் வெச்சு அளந்தியா? கூடையோட குந்தினு கீறவளாண்ட வந்து நாயம் பேசற.

இப்ப இத்தாம்பெரிய ஆம்பள களவாவப் பாத்ததும் மூஞ்சி பூரா பல்லு. இத வெச்சு பெருசா எழுதப் போற, இல்ல? எழுது, யாரு வாணான்னது. கண்ணால பாத்தல்ல, அத எழுது. கத்திய மட்டும் வெக்காத.

எங்க புட்ச்சதா? அத என்னாண்ட எதுக்குக் கேக்கற? இதப் புட்ச்சாந்த ஸ்டானிஸ்லாஸாண்டதான் போயி நைசாப் பேசினு இருந்தியே. நான் பாக்கலன்னு நெனச்சியா? அவன் தெக்கேர்ந்து வந்தவன். காலடிப்பேட்டையில வாடகைக்குத் தங்கினு, பழைய பைபர் போட்டு ஒண்ண வாங்கி ஓட்றான். அவனுக்கு ஒரு எழவும் தெரியாது. தெரியாமப் போயி, கடலுக்கடியில கீற அந்தப் பாறக் கல்லாண்ட தூண்டியப் போட்டுட்டான். எங்க குப்பத்து ஆளு ஒருத்தன் போட மாட்டான்.

இரு, இரு. எடத்த உன் போனுக்குப் புள்ளி போட்டு அனுப்பிச்சானா? அழி. என் கண்ணு முன்னால அழி. நீ மேப்புல ஒரு புள்ளி வெச்சன்னா நாளைக்கே எல்லா போட்டும் அங்கதான் நிக்கும். பெரிய மீனு அங்க கீதுன்னு நீயே கூட்டம் சேப்ப, அப்பால களவாவே இல்லன்னு நீயே அழுவ.

அழிச்சியா? காட்டு. ம்.

ஏன் போட மாட்டாங்களா? கடல்ல முழுகி ஒடம்பு கெடைக்காமப் போனவன் எந்தக் கல்லாண்ட முழுகுனானோ, அந்தக் கல்லுல எங்காளுங்க தூண்டி எறக்க மாட்டாங்க. அங்க புட்ச்சத வாயில வெக்கவும் மாட்டாங்க. அதான் அங்க மட்டும் இம்மாம்பெருசா வளந்து கெடக்குது.

யாரா? எவனோ. உனுக்கு இன்னாத்துக்கு அது?

ஏலத்துல ஓட்டல்காரன் கேட்டான், ஏத்துமதி கம்பெனிக்காரன் கேட்டான். ரெண்டு பேருக்கும் மேல நான் கேட்டேன். செங்கொடிக்கு லூசு புட்ச்சிக்கிச்சுன்னு அல்லாரும் சிரிச்சானுங்க. சிரிக்கட்டும். எவனோ ஒருத்தன் ஏசியில குந்தினு எலுமிச்சம்பழம் புழிஞ்சு இதத் துன்னுவான், அத நெனச்சுக்கினு நான் சோறு துன்னணுமா?

இத ஏலத்துல கொட்டுனப்ப ஓடியாந்து நீ ஒரு வார்த்த சொன்ன. பத்து, பன்னெண்டு வயசு இருக்கும்க்கா, களவா எடம் மாறாது, இத்தினி வருசமும் அதே கல்லாண்டதான் இருந்துருக்கும்ன. அம்மாம் சந்தோசமாச் சொன்ன. டில்லிபாபு அந்தக் கல்லாண்ட முழுகி ஏழு வருசம் ஆவுது. என் வூட்டுக்காரருதான். அப்ப இது அங்கதான இருந்துருக்கு? நீ வந்து, வயித்தக் கீறி இன்னா துன்னுச்சுன்னு பாக்கலாங்க்கான்ற.

ஏழு வருசத்துக்கு முன்ன துன்னது வயித்துல இருக்காதா? அது எனுக்குத் தெரியாதா? மீனு வெட்டித்தான் பொழைக்கிறேன். வயித்துல இருக்காது. சதையில இருக்குமா, இருக்காதா? அதச் சொல்லு. படிச்சவதான?

தள்ளு. தோ, அத்தாவுல்லா பாய் ஆட்டோ வந்துடுச்சு. எங்கயா? சுடுகாட்டுக்குத்தான், வேற எங்க? நெனவு நாளு வந்தா ஒரு மாலை போட எடம் இல்லாம, இத்தினி வருசமா கடலப் பாத்து நின்னுட்டு வந்துக்கினு கீறேன். போதும். குழி வெட்றவனாண்ட சொல்லி வுட்டாச்சு. எம்மா நீளம் வெட்டணும்னு கேட்டு ஆளு அனுப்பிச்சுக் கீறான்.

எடு, உன் ஸ்கேல எடு. தலையிலேர்ந்து வாலு வரிக்கும் கரீட்டா அளந்து சொல்லு.