மறந்துட்டேன் பொத்தான்

— லேப்டாப்பைத் தொடாதீங்கப்பா, அது வேலை செஞ்சுக்கிட்டு இருக்கு.

— நான் எங்கம்மா தொட்டேன்? சும்மா எட்டிப் பாத்தேன். லிஃப்ட் மோட்டார்னா சத்தம் வரும், ஓடுதுன்னு தெரியும். இது என்னடான்னா கம்முனு கெடக்கு.

— இதுக்குச் சத்தமெல்லாம் கிடையாது. நீங்க மொழி படிக்கிற ஆப்பை இந்த வாரத்தோட மூடுறாங்க இல்ல? அதுல நீங்க படிக்கிற வார்த்தைக் கார்டையெல்லாம் வெளிய எடுக்க, எக்ஸ்போர்ட் பண்ண, ஒரு டூல் இருக்கு. அந்த டூலை இந்த ஏஐ ஏஜென்ட் கையில குடுத்துட்டேன். அதுவே உள்ள போய், கட்டுக் கட்டா எடுத்து, ஒரே ஃபைலா மூட்டை கட்டி வெச்சிரும். அப்புறம் புது ஆப்புல எறக்கிக்கலாம்.

— அதாவது, வீடு காலி பண்றதுக்கு ஆள் விட்ட மாதிரி.

— அதேதான்.

— சாமான் ஒண்ணும் உடையாதே?

— உடையாதுப்பா. நானூத்திப் பன்னண்டு கார்டு, மூணு கட்டு. சமையல், கடைத்தெரு, மருமக. அதென்ன, மருமகன்னு ஒரு கட்டு?

— உன் தம்பி பொண்டாட்டிகிட்ட பேச வேண்டியது. 'சாப்பிட்டியாம்மா', 'புள்ளைய நான் வெச்சுக்கிறேன், நீ செத்த நேரம் தூங்கு', இந்த மாதிரி. உங்கம்மா வெச்ச பேரு அது. அவளுக்கு நம்ம பாஷை வராது, நமக்காவது அவ பாஷை வரட்டும்னு ஆரம்பிச்சா.

— அம்மா இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு பேரும் தம்பி ஊருக்குப் போய் பேரனைத் தூக்கியிருப்பீங்க.

— ம்.

— அப்பா, இது ஏதோ கேக்குது. படிக்கிறேன், இருங்க. "கடந்த எட்டு மாதங்களில் ஒரு கார்டுகூட 'தெரியும்' என்று குறிக்கப்படவில்லை. இந்தப் பயிற்சி விவரத்தையும் சேர்த்து எடுக்கட்டுமா, புதிதாகத் தொடங்கட்டுமா?"

— புதுசா எதுக்கு? அப்படியே எடுக்கச் சொல்லு.

— இருங்க இருங்க. எட்டு மாசமா ஒண்ணுகூடவா? தினமும் காலையில ரெண்டு மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்கார்றீங்களே!

— உக்கார்றேன்தான்.

— எல்லாத்துக்கும் 'மறந்துட்டேன்'னு அமுக்கியிருக்கீங்க. மறுநாள் அதே நானூத்திப் பன்னண்டு, மறுபடியும் 'மறந்துட்டேன்'. 'தண்ணி'க்குக்கூட. தண்ணிப்பா!

— வயசாகுது இல்ல?

— வெளையாடாதீங்க. 'தெரியும்'னு அமுக்கினா அந்தக் கார்டு மூணு மாசம் தள்ளிப் போயிரும். 'மறந்துட்டேன்'னு அமுக்கினா மறுநாளே வந்து நிக்கும். உங்களுக்கு ஒண்ணுகூடத் தள்ளிப் போகல. போன மாசம் மூக்குக்கண்ணாடிய ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுட்டு வீடெல்லாம் தேடினீங்க.

— அதாவது, அது கைமறதி. யாருக்கும் வரும்.

— அம்மா போனதுலேருந்து நீங்க நீங்களா இல்ல. சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். ஞாபக மறதிக்குப் பாக்குற டாக்டர்கிட்ட வியாழக்கெழம நேரம் வாங்கியிருக்கேன்.

— என்கிட்ட ஒரு வார்த்த கேக்காமயா?

— கேட்டா வருவீங்களா?

— முப்பத்திநாலு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பாத்தவன்மா நான். எந்தக் கட்டடத்துல எத்தனாவது மாடிக் கதவு ஒட்டும்னு இப்பவும் சொல்லுவேன். எனக்கா மறதி?

— தம்பி உங்களைத் தனியா ஃப்ளைட் ஏத்தி விடுன்றான். நடுவுல எங்க எறங்கணும்னு மறந்துட்டீங்கன்னா? எனக்குப் பயமா இருக்குப்பா.

— ஏய், எதுக்கு இப்ப அழற? கண்ணைத் தொடச்சுக்க. அந்தப் பேப்பரை எடு. நீ தமிழ்ல சொல்லு, நான் அந்தப் பாஷையில எழுதுறேன்.

— வேணாம்ப்பா, விடுங்க.

— சொல்லுன்றேன்ல.

— 'ஜன்னல்.'

— எழுதியாச்சு. ஜன்னலெல்லாம் ஒரு கேள்வியா?

— 'புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?'

— இந்தா.

— 'நீ வேலைக்குக் கெளம்பு, பாத்திரத்தை நான் பாத்துக்கிறேன்.'

— இந்தா. அதுக்கு அடுத்த கார்டு 'கதவைச் சாத்திட்டுப் போ'. அதையும் எழுதிட்டேன், சரியான்னு பாரு.

— கார்டுல இருக்கிற மாதிரியே இருக்கு, ஒரு எழுத்துகூடத் தப்பு இல்ல.

— இப்ப டாக்டருக்குப் போன் பண்ணி, வரலன்னு சொல்லிரு.

— அப்ப எல்லாமே தெரியுது. தெரிஞ்சுக்கிட்டேதான் 'மறந்துட்டேன்'னு அமுக்குறீங்களா? எதுக்குப்பா?

— அதாவது... அது வந்து... பாரு, அது மறுபடி ஏதோ கேக்குது.

— பேச்சை மாத்தாதீங்க. "ஒலிப்பதிவுகள் 412. தரம் குறைவு. பின்னணியில் குக்கர் விசில், இருமல், சிரிப்பு. பல இடங்களில் உச்சரிப்புப் பிழை. இவற்றை நீக்கிவிட்டுப் புதிய ஆப்பின் தெளிவான குரலை வைக்கட்டுமா?" வெச்சிரு, அதான் நல்லது...

— நிறுத்து! கையை எடு அதுலேருந்து!

— அய்யோ, என்னப்பா இப்படிக் கத்துறீங்க?

— 'ஜன்னல்'னு சொல்லிட்டு, அதே மூச்சுல 'ஏங்க, மழை வருது, துணிய எடுங்க'ன்னுவா. அதுவும் அப்படியே பதிஞ்சிருக்கு.

— யாரு... அம்மாவா?

— நானூத்திப் பன்னண்டும் அவ குரல்தான். கார்டு வந்தாத்தான் குரல் வரும்.

— அப்பா...

— 'தெரியும்'னு அமுக்கினா, மூணு மாசத்துக்கு அவ என்கூடப் பேச மாட்டாம்மா.