குளிரறைத் தவளைகள்

அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்கு இல்லை, ஐயா. என் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் திறக்கிறது, அவ்வளவுதான்.

அவளுக்குத் தவளை டீச்சர் என்று பெயர் வைத்ததே நான்தான். கல்லூரியில் பாடம் எடுப்பாள்; வீட்டில் ஓர் அறைக்கு நாள் முழுக்க ஏசி போட்டு, கண்ணாடித் தொட்டியில் ஒரு ஜோடி மலைத் தவளைகளை வைத்திருந்தாள். மேகம் உரசும் உச்சியில் வாழ்ந்த இனமாம். அங்கே நோய் வந்து எல்லாம் போய், உலகத்திலேயே மிஞ்சியவை இவைதானாம்.

தவளை என்றாலே எனக்குக் குமட்டும். இவை அழகு, பொய் சொல்லக் கூடாது. கட்டைவிரல் நீளம். பாசி பிடித்த கல்லைப் போல முதுகு, அதன் நடுவே மூக்கு நுனியிலிருந்து ஒரு மஞ்சள் இழை. செம்பு நிறக் கண்ணில் கருமணி படுக்கைவாக்கில் கிடக்கும். உள்தொடை மட்டும் ரத்தச் சிவப்பு. தாவினால்தான் தெரியும், உட்கார்ந்துவிட்டால் பரம சாது.

"இந்தச் சிவப்ப எப்படிக் கமுக்கமா வெச்சிருக்கு பாத்தீங்களாக்கா?" என்று சிரித்தபடி எனக்குத்தான் முதலில் காட்டினாள். நானும் என் வீட்டுக்காரர் மாதக்கணக்கில் என்னோடு பேசாமலிருந்தது வரை அவளிடம் கொட்டியிருக்கிறேன். கூடப்பிறந்தவளாகவே நினைத்தேன்.

அவளுக்குக் கல்யாணம் என்பதைத் தையற்கடைக்காரி சொல்லித் தெரிந்துகொண்டேன். தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரியுமே என்று சமாளித்துவிட்டு வந்து, அவளிடமே கேட்டேன்.

"உங்ககிட்ட சொன்னா மைக்ல சொன்ன மாதிரிக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. காபிகூடப் போட்டுக் கொடுத்தேன்.

அவள் மாப்பிள்ளையின் ஊருக்குப் போனபோது சாவியை மட்டும் என்னிடம் தந்தாள். "பெட்டை முட்டை வைக்கப்போகுது. ஏசிய மட்டும் அணைச்சிடாதீங்கக்கா, சூடு தாங்காது."

சொன்னபடியே பூச்சி போட்டேன், தண்ணீர் தெளித்தேன். அவள் திரும்பும் நாள் காலையில் ஏசியை அணைத்தேன். திரையை விலக்கி வெயிலையும் உள்ளே விட்டேன். நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இருந்தேன், தனியாகத் தவிக்க விடவில்லை. முதலில் கல்லுக்கடியில் ஒதுங்கின. பிறகு வெளியே வந்து கால்களை நீட்டின. தாவாமலேயே சிவப்பு தெரிந்தது. அசைவு நின்றதும் திரையை மூடி ஏசியைப் போட்டுவிட்டு வந்தேன்.

தொட்டியைப் பார்த்ததும் அவள் நேராக என் வாசலுக்குத்தான் ஓடிவந்தாள். என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கே அதற்கப்புறம்தான் சொன்னாள்; அதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.