காலிச் சுருளின் ஓரத்து எண்கள்

நல்ல போட்டோ லேபைக் கண்டுபிடிப்பதும் நல்ல பல் வைத்தியரைக் கண்டுபிடிப்பதும் ஒன்றுதான். ஒருமுறை வலித்துவிட்டால் எங்கள் இலோய்லோ ஊரில் யாரும் அந்தப் படியை மறுபடி மிதிக்க மாட்டார்கள். என் படியை மிதித்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். அதனால் என் முன்னால் இருந்த சிக்கல் சின்னதுதான்: லேபே கெடுத்துவிட்ட ஒரு பிலிமை, லேபின் பெயர் கெடாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

ரோடெல், குழந்தையை அடக்கம் செய்த மறுவாரம் உங்கள் மனைவி ஜோவெலின் வந்தாள். நீங்கள் கப்பலில் இருந்தீர்கள். யோகோஹாமாவிலிருந்து நீங்கள் வாங்கி அனுப்பிய பிலிம் சுருளில் அவளே படம் எடுத்திருந்தாள்; அதை மேசைமேல் வைத்தாள்.

"ஹாரோ பேட்டையில ஒரு லேப்காரன் என் கல்யாணப் படத்துல மாமியாரக் கரிச்சட்டி ஆக்கிட்டாண்ணே. போனாப் போகுதுன்னு விட்டேன். இதுல பாப்பா இருக்கா. அவங்கப்பா இன்னும் அவளப் பாக்கல. உங்ககிட்டக் குடுத்தா கெடாதுன்னு சந்தையே சொல்லுது."

பிலிம் கழுவுவது எளிய வேலை. சுருளை இருட்டில் மூடிய டப்பாவுக்குள் போட்டு, முதலில் டெவலப்பர் ஊற்ற வேண்டும். அது படத்தை வெளியே கொண்டுவரும். அடுத்து ஹைப்போ, அது மிச்சத்தைக் கரைத்துப் படத்தை நிலைக்கவைக்கும். வரிசை மாறினால் ஹைப்போ எல்லாவற்றையும் கரைத்துவிடும். அன்று கரண்ட் இல்லை. இரண்டு ஜாடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மெழுகுவர்த்தி தேட எனக்குச் சோம்பல்; கைக்கு எட்டிய ஜாடியை முதலில் ஊற்றினேன். டப்பாவைத் திறந்தபோது பிலிம் கண்ணாடியாக இருந்தது. அதற்கு உலகத்தில் மருந்து கிடையாது. வெகுநேரம் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தேன், அலச எதுவும் இல்லாமல்.

பிலிம் ஓரத்தில் கம்பெனிக்காரர்களே ஒளியால் எண்களைப் பதித்திருப்பார்கள். டெவலப்பர் பட்டால் அவை கறுப்பாக எழும். எண்களும் இல்லையென்றால் தப்பு லேபுடையது. எண்கள் இருந்து படம் மட்டும் இல்லையென்றால், கேமராவுக்குள் பிலிம் நகரவே இல்லை, தப்பு பிலிமை மாட்டியவருடையது. அலமாரியிலிருந்து அதே கம்பெனியின் புதுச் சுருளை எடுத்து, ஒழுங்காகக் கழுவி, வெட்டாமல் அவளிடம் கொடுத்தேன்.

"நானாண்ணே? கேமராவுல எண்ணு ஓடிச்சே."

"எண்ணு ஓடும்மா. பிலிமு ஓடாது. பலருக்கும் நடக்கறதுதான்."

எங்கே தவறினோம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். எனக்குப் பொறுமை அதிகம். பழைய சுருள் ஒன்றைக் கையில் கொடுத்து, துளைகள் பல்சக்கரத்தில் உட்கார வேண்டும், நெம்புகோலைத் தள்ளும்போது இடப்பக்கக் குமிழும் கூடவே சுழல வேண்டும் என்று காட்டினேன். பல மாலைகள் வந்தாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டே மாட்டினாள்.

"இப்ப வருது பாத்தீங்களாண்ணே?"

முதல் தடவையும் அப்படித்தான் மாட்டியிருப்பாள்.

பிறகு நீங்கள் ஊர் வந்தீர்கள். "எம்புள்ள மூஞ்சியக்கூட எனக்கு மிச்சம் வைக்கத் துப்பில்லையா ஒனக்கு?" என்று தெருவே கேட்கக் கத்தியவர் நீங்கள், நானில்லை. அவள் ஆற்றில் இறங்கிய அன்று நான் கடையை மூடினேன். பூவும் அனுப்பினேன்.

இப்போது அந்தச் சுருளை என் மேசையில் விரித்து, எண்கள் முப்பத்தாறு வரை ஓடுகின்றன, நீங்கள் யோகோஹாமாவிலிருந்து அனுப்பியதோ இருபத்து நான்கு படச் சுருள் என்கிறீர்கள். சரிதான். இஞ்சின் அறையில் வேலை பார்ப்பவரின் கண்ணுக்குத் தப்பாது. உங்கள் மகளைக் கரைத்தது நான். பழியை உங்கள் மனைவியின் கையில் கொடுத்ததும் நான். அன்று அவசரத்தில் அவளுடைய சுருளின் உறையில் எத்தனை படம் என்று திருப்பிப் பார்க்கவில்லை. பிழை அது ஒன்றுதான்.

மற்றபடி முறை வேலை செய்கிறது: அதே கம்பெனி, அதே எண்ணிக்கை, புது டெவலப்பர். வெட்டாமல் கொடுக்க வேண்டும்.