உரக்க வாசித்தவள்

அன்று சாயங்காலத் தேநீரில் சர்க்கரை கூடிவிட்டது என்றார் என் கணவர். உண்மைதான். வேறு போட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் புத்தகப் பார்சல் வந்தது.

நீங்கள் கேட்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர்களாக இருந்தோம். இருபத்திரண்டு வருடம் எதிரெதிர் நாற்காலி. நான் மூலப்பிரதியை உரக்க வாசிப்பேன். கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வேன். அவர் அச்சுத்தாளில் சரிபார்ப்பார். வாசிப்பவர் எதையும் விடமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் அந்த வேலையே நடக்கும்.

ஆங்கில வாக்கியத்தில் கமாவை எங்கே போடுவது என்பதில் எனக்கு ஒரு பித்து. துணைவாக்கியம் முதலில் வந்தால் அதன் முடிவில் ஒரு கமா. பின்னால் வந்தால் பெரும்பாலும் வேண்டாம். நீக்கினாலும் பொருள் கெடாத பகுதி நடுவில் வந்தால் இரண்டு பக்கமும். இப்படி ஏழு நோட்டுகள் எழுதி வைத்திருந்தேன். அவர் என்னைக் கூப்பிடுவதே 'கமா' என்றுதான்.

ஓய்வு பெற்றதும், நோட்டுகளைப் புத்தகமாக்கலாம் என்றார். அவருக்குக் கண் மங்கியிருந்தது. தட்டச்சு செய்ததெல்லாம் நான். முன்னுரையை மட்டும் வெளியே கொடுத்து அடித்து வாங்கினார். எனக்குத் தெரியாமல் ஏதோ வைத்திருக்கிறாராம்.

அன்று பார்சலைப் பிரித்தால், அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. முன்னுரையில், "இந்நூலை, மனைவி தந்த தேநீரின் துணையோடு, எழுதி முடித்தேன்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இரண்டு கமாவும் சரியான இடத்தில் இருந்தன.

"என் பேரு எங்கங்க?"

"அட கமா, என் பேரு வந்தா உன் பேரு வந்த மாதிரிதானே? இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறியே."

நான் முகத்தை எப்போதும் போலத்தான் வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் மூட்டு வலிக்குப் புது மருத்துவரிடம் போனார். இதயத்துக்காகத் தினமும் சாப்பிடும், ரத்தத்தை இளக்கும் மாத்திரையைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை. வந்ததும் புது மாத்திரைப் பெட்டியில் இருந்த தாளை நீட்டினார்.

"படிச்சுச் சொல்லு. ஒண்ணும் விடாம."

பழைய பழக்கப்படி கமா, முற்றுப்புள்ளியோடு வாசித்தேன். "ஆபீஸ்ல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தொடக் கூடாது, உள்ளே ரத்தம் கசியும் என்று நடுவில் ஒரு வாக்கியம் இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை.

பதினோரு நாள், வேளை தவறாமல், மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் வயிறு எரிகிறது என்றார். "வெறும் வயித்துல போடாதீங்க" என்றேன். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர், கையெழுத்துப் போடுகிறேன். நம்பிக்கைத் துரோகம் என்று மட்டும் எழுதாதீர்கள். அதைச் செய்தவர் அவர். நான் வாசித்ததில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

போன மாதம் பதிப்பகத்தில் இரண்டாம் பதிப்புக்குப் பிழை பார்க்கச் சொன்னார்கள். பார்த்துக் கொடுத்தேன். அட்டையில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது.