சாப்பாட்டு நேரத் தாலாட்டு

தாலாட்டை யாரும் பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, மேடம். கரையான்சாவடியில் நான் மெல்லிசைக் குழு நடத்திய காலத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் மேடைக்கு வந்து ஒரு தாலாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டதில்லை. குத்துப்பாட்டுக்குத்தான் துண்டைச் சுற்றுவார்கள். ஆனால் ஒரு வீட்டில் நிறுத்தாமல் ஓடுகிற பாட்டு எது என்று யோசித்துப் பாருங்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்துக் களைத்து வந்த அப்பாவும் அம்மாவும் போனில் ஒரு தாலாட்டைப் போட்டுத் தொட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். அது பாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் பாடியவருக்குக் கொஞ்சம் ராயல்டி சேரும். நம் பக்கத்தில் இதை முதலில் புரிந்துகொண்டவன் நான்தான்.

கனிமொழி எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். நான் ஓடி ஒளிகிற ஆள் இல்லை. என் தொழில் என்னவென்று தெரிந்தால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

நான் பாடகர்களுக்கு உதவுகிறவன். இசைத்துணை என்று பெயர்ப்பலகையே வைத்திருக்கிறேன். இணையத்தில் பாட்டு ஓடினால் காசு வரும், வராமல் இல்லை. ஆனால் அது ஆடி அசைந்து மாதக்கணக்கில் கழித்துத்தான் வரும். அதுவரை பாடகர் வயிற்றில் ஈரத்துணியா போட்டுக்கொள்வார்? வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். நான் கேட்பதில்லை. பாட்டு எத்தனை பேர் காதில் விழுகிறது என்று பார்த்துவிட்டு, வரப்போகிற ராயல்டியை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுவேன். பதிலுக்கு அவர்கள் கணக்கின் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கும். கொடுத்தது தீரும்வரை வருவதெல்லாம் எனக்கு. யார் கழுத்திலும் கத்தி வைத்துக் கையெழுத்து வாங்கியதில்லை.

கனிமொழி என் குழுவில் பாடிய பெண். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதால் பெற்றவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். கட்டியவனும் குழந்தை பிறந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். இடுப்பில் இளங்கோவை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். குழந்தை அப்போதுதான் தவழப் பழகியிருந்தான். அந்த நிலையில் அவளுக்கு யார் இருந்தார்கள், சொல்லுங்கள். நான் முன்பணம் கொடுத்தேன். நூம்பலில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது, அதன் மாடியில் ஒலிப்பதிவு அறை. அதை ஒட்டிய அறையிலேயே தங்கிக்கொள் என்றேன். வாடகை, மைக்குச் செலவு, குழந்தையின் பால் எல்லாவற்றையும் முன்பணத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டேன். தொழில் என்றால் அப்படித்தான்.

நூம்பல் இப்போது எப்படி என்று உங்களுக்கே தெரியும். திரும்பின பக்கமெல்லாம் வீடு கட்டுகிறார்கள். பக்கத்து மனையில் டைல்ஸ் வெட்டும் இயந்திரம் காலையிலிருந்து அலறும். சத்தம் புகாமலிருக்கச் சுவரெல்லாம் பஞ்சு அடித்திருந்தும் மைக்கில் அந்த இரைச்சல் ஏறிவிடும். வேலையாட்கள் மத்தியானம் சாப்பிட உட்காரும்போதுதான் அது ஓயும். அந்த நேரத்துக்குள் பாடி முடித்தாக வேண்டும். குழந்தைக்கும் அதுதான் தூக்கத்துக்கு அழுகிற நேரம். ஹெட்போன் ஒயரைப் பிடித்து இழுப்பான், மார்பை முட்டுவான். பாட்டு கெட்டுப்போகும், மறுபடி இயந்திரம் ஆரம்பித்துவிடும். என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். என் அக்கா கண்ணம்மா வெள்ளானூரில் தனியாக இருக்கிறாள். பகலில் குழந்தையை அவளிடம் விடலாமே என்று சொன்னேன். கனிமொழியே ஒப்புக்கொண்டாள். "அக்கா நல்லா பாத்துக்கும்ல, சேகரண்ணா?" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

முதல் நாளே அக்கா போன் செய்தாள். "தூங்க மாட்டேங்குதுடா, கத்திகினே கீது" என்றாள். நான் ஸ்பீக்கரில் போட்டேன். போனில் குழந்தை சிணுங்குகிறான், இங்கே இவள் பாடுகிறாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மேடம், எத்தனையோ பேரைப் பாடவைத்துக் கேட்டவன் நான். அன்றைக்கு அழுதுவிட்டேன். கைக்கு எட்டாத குழந்தையைக் குரலால் தட்டிக் கொடுக்கிறாள். அவன் மூச்சு மெல்ல ஒரே சீராக மாறுகிறது. அதை நான் வெளியிட்டேன். மடியில் வைத்துப் பாடியதை யாரும் இரண்டாம் தடவை போட்டுக் கேட்கவில்லை. இதை நிறுத்தவே இல்லை. உங்கள் வீட்டிலும் ஓடியிருக்கும்.

முதலில் சாயங்காலமானால் குழந்தையைக் கொண்டுவந்து விட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இரவெல்லாம் கொஞ்சிவிட்டு மறுநாள் பாடினால் குரலில் ஒன்றும் இல்லை. வயிறு நிறைய சாப்பிட்டவள் சோற்றைப் பற்றிப் பாடுவதுபோல இருந்தது. அதனால் வாரம் ஒரு தடவை என்று ஆக்கினேன். பிறகு, டைல்ஸ் தூசி குழந்தைக்கு ஆகாது என்றேன். அது பொய் இல்லை. அடுத்த பாட்டு முடியட்டும் என்றேன். வீடியோவில் காட்டச் சொன்னாள். ஒரு தடவை காட்டினேன். முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள், அன்றைய பதிவே வீணாகிவிட்டது. சத்தம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். பாடும்போது மணி அடிக்கிறது என்று அவள் போனையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

"ஒரு வாட்டி கண்ல காட்டுண்ணா. பாட மாட்டேன்னா சொல்றேன்?" என்பாள். அவள் சண்டை போடுகிற பெண் இல்லை. எனக்கே பாவமாக இருக்கும்.

ஒருநாள் ஆட்டோ பிடித்து வெள்ளானூருக்குப் போய்விட்டாள். அக்கா வீடு எந்தத் தெரு என்று நான் சொன்னதில்லை. அங்கே எல்லாம் புது மனை, எல்லா வீடும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். வீடு வீடாகப் போய், இங்கே ஒரு கைக்குழந்தை இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறாள். நான் காரில் போய்ப் பார்த்தபோது ஒரு டேங்கர் லாரியின் நிழலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து காரில் ஏறிக்கொண்டாள். எங்கே போவாள், சொல்லுங்கள். காசு என்னிடம், பாட்டு என்னிடம், குழந்தை என் அக்காவிடம். அன்றிலிருந்து அவள் அறையை வெளியிலிருந்து பூட்டத் தொடங்கினேன். ஆள் நடமாட்டம் இல்லாத பகுதி, திருட்டு பயம் வேறு.

காய்ச்சல் வந்தது அதற்குப் பிறகு. அக்கா போன் செய்தாள். "சேகரு, கொயந்த ஒடம்பு நெருப்பா கொதிக்குதுடா. அத்தோட ஆத்தாளாண்ட கொண்டுபோய் வுடு, இல்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம் வா." மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் கொடு என்றேன். நியாயமாக யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பெற்றவள் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். அவளை வரவழைக்க வேண்டும். வந்தால் குழந்தையை விட்டு நகர மாட்டாள். ஒரு தாலாட்டுத் தொகுப்பில் பாதிப் பாட்டுகள் முடிந்திருந்தன, மீதியையும் தருகிறேன் என்று ஒரு பாட்டுக் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மறுநாளும் அக்கா கூப்பிட்டாள், அழுதாள். இந்தப் பாட்டு முடியட்டும், நானே வருகிறேன் என்றேன். அன்று மத்தியானம் கனிமொழிக்குக் குழந்தையின் மூச்சு ஒரு மாதிரியாகக் கேட்டிருக்கிறது. "சளியாண்ணா?" என்றாள். சளிதான் என்றேன். நன்றாகப் பாடினாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வலிப்பு வந்து எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்தது நான்தான். அக்கா மேல் பழி வேண்டாம், என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள். அவள் வீட்டுக்குப் பின்னால் காலி நிலம் இருக்கிறது. சின்னக் குழந்தைகளை எரிப்பது வழக்கமில்லை, புதைக்கத்தானே செய்வோம். வழக்கத்தில் நான் எதையும் குறைக்கவில்லை. பால் ஊற்றினேன்.

கனிமொழியிடம் உடனே சொல்லத்தான் நினைத்தேன். மேலே ஏறிப் போய்க் கதவைத் திறந்தேன். தலை வாரி, பொட்டு வைத்து, மைக் முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மனையில் இயந்திரம் அப்போதுதான் நின்றது. "போன் போடுண்ணா, தூக்கத்துக்கு அழுதுகினு இருப்பான்" என்றாள். எந்த மனிதனால் அப்போது சொல்ல முடியும்? பழைய அழைப்புகளையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தேன். அதில் ஒன்றைப் போட்டேன். குழந்தை சிணுங்கினான். அவள் பாடினாள். அவன் தூங்கிப்போனான். அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருந்தால் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். ஆறு மாதம் ஓடியிருக்கும். பாட்டுகளுக்கு எங்கிருந்தெல்லாமோ பாராட்டு வந்தது. வெளிநாட்டுத் தமிழர்கள்கூட எழுதினார்கள், இந்த அம்மாவின் குரல் கேட்டால்தான் எங்கள் பிள்ளை கண்மூடுகிறது என்று. அவளுக்குப் படித்துக் காட்டுவேன். கேட்டுக்கொண்டிருப்பாள்.

போன மாதம் ஒருநாள் பாடி முடித்தவள் எழுந்திருக்கவில்லை. "அண்ணா, புள்ள ஏன் ஒரே மாதிரியே சிணுங்குது? இந்நேரம் நாலு வார்த்த பேசணுமே. அம்மான்னு ஒரு வாட்டிகூட கூப்பிடல. வளரவே மாட்டேங்குதே" என்றாள். அது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். பழைய குரலையே போட்டுக்கொண்டிருந்தால் குழந்தை எப்படி வளரும்? அது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்தவர்கள் கூரை போட்டுத் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த வயதில் ஒரு பையன் இருக்கிறான். பிஸ்கட் கொடுத்து அக்காவின் மடியில் உட்காரவைத்து, அம்மா சொல்லு, அம்மா சொல்லு என்றேன். நன்றாகவே சொன்னான். அக்காவுக்கு அதுவரை நான் கனிமொழியிடம் எப்போதோ சொல்லிவிட்டேன் என்றுதான் நினைப்பு. போனை நீட்டிப் பதிவு செய்வதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. "நீ மன்சனாடா? அத்த கொன்னதும் இல்லாம ஆத்தாளுக்கு ஊரான் புள்ளைய காட்டுறியா?" என்று கேட்டாள். இன்று காலை அவள் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. வயதான மனுஷி, இத்தனை நாள் மனசுக்குள் வைத்திருந்தாள், அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவள் வீட்டுக்குப் பின்னால் அந்த நிலத்தில் உங்கள் ஆட்கள் தோண்டிக்கொண்டிருப்பார்கள் என்றும் தெரியும்.

ஆனால் அந்தப் புதுக் குரலை நான் போட்ட அன்று என்ன நடந்தது என்று அக்காவுக்குத் தெரியாது. போனிலிருந்து "ம்மா" என்று கேட்டதும் கனிமொழி சிரித்தாள், மேடம். என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "குரலே மாறிடுச்சுண்ணா, பெரிய பையனாயிட்டான்" என்றாள். கண்ணீர் வழிய வழியப் பாடினாள். அவள் பாடியதிலேயே அதுதான் சிறந்தது. ஒரு தாய்க்கு அந்தச் சந்தோஷத்தை நான் கொடுத்தேனா இல்லையா?

எங்கே என்று கேட்டீர்களே. எங்கும் போகவில்லை, நூம்பல் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். இன்று மத்தியானம் குழந்தையின் குரலை ஓடவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கீழே வந்தேன். வாசலில் உங்கள் ஜீப் நின்றது. டைல்ஸ் இயந்திரம் மாதிரி அலறினால்தான் உள்ளே கேட்கும், வாசலில் பேசுகிற சத்தம் போகாது. என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. பதிவு நின்றிருந்தால் என்னைக் கூப்பிட்டுப் பார்த்திருப்பாள், வெளியில் கேட்டிருக்காது. ஆனால் அது நிற்காது. முடிந்ததும் முதலிலிருந்து ஓடும்படி வைத்திருக்கிறேன். அவள் இன்னும் பாடிக்கொண்டுதான் இருப்பாள்.

சாவி இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். போகிறவர்களிடம் கதவை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். அவள் பாட்டு நடுவில் இருந்தால் முடியும்வரை வாசலிலேயே நிற்கட்டும். பாதியில் நிறுத்தினால் குழந்தை எழுந்துவிடுவான்.