நவம்பர் ஒன்றில் கசவுச் சேலை

குழித்துறையிலிருந்து கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்குப் போகும் பஸ். எங்கள் மாவட்டம் மலையாளப் பகுதியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் என்பதால் நவம்பர் ஒன்று இங்கே விடுமுறை. கூட்டமில்லை. எனக்கு முன்சீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள்.

“இந்தச் சேலையோட சாயங்காலம் எனக்க வீட்டுக்குள்ள ஏறாதே,” என்றார் மாமியார். மருமகள் உடுத்தியிருந்தது மலையாளிகளின் பொன்கரை போட்ட கசவுச் சேலை.

“இண்ணைக்குத்தானே கேரளமும் பிறந்தது, மாமி. பாறசாலை ஸ்கூல்ல கேரளப் பிறவி விழா. டீச்சர்மாரு எல்லாரும் இதத்தான் உடுத்தணும்.”

“தமிழ்நாட்டோட சேரணும்னு போராடித்தான் எனக்க அப்பா கால்ல குண்டு வாங்கினாரு. இப்பவும் நொண்டித்தான் நடக்காரு. அவரு முன்னால இப்பிடி நிப்பியா?”

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். “அண்ணைக்குச் சுட்ட போலீஸ்ல எனக்க தாத்தாவும் இருந்தாரு.”

மாமியாரின் கை முன்கம்பியை இறுகப் பிடித்தது. “அவருதான் சுட்டாரா?”

“தெரியாது. சாவுற வரைக்கும் அவரு அதப்பத்திப் பேசல்ல.”

மாமியார் குரலைத் தாழ்த்தினார். “அப்பாக்கு இது தெரியப்பிடாது. தெரிஞ்சா அவரு தாங்கமாட்டாரு.”

“கல்யாணத்துக்கு முந்தியே உங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன், மாமி. ‘அண்ணைக்கு நாங்க ரெண்டுபேரும் மீசை சரியா முளைக்காத பயக்கதானே’ன்னாரு. உங்ககிட்ட சொல்லாண்டாம்னும் அவருதான் சொன்னாரு.”

களியக்காவிளை வந்தது. மருமகள் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, “வாறேன், மாமி,” என்று இறங்கிப் போனாள். மற்றவர்களும் நானும் இறங்கினோம். கண்டக்டர் கூப்பிட்ட பிறகும் அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.